டிஸ்சார்ஜ் புத்தகத்தின் ஒரு வரி

கடலூர்ப் பக்கம் ராணுவத்திலிருந்து திரும்பியவர் வீட்டில் கறுப்பு பெயின்ட் அடித்த ஒரு தகரப் பெட்டி இருக்கும். மூடியில் பெயரும் படை எண்ணும் வெள்ளை எழுத்தில். பெட்டியின் அடியில், பழைய கம்பளிச் சட்டைக்குக் கீழே, பணியிலிருந்து விடுவிக்கும்போது படை கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம் கிடக்கும். பெட்டியை ஊரே பார்த்திருக்கும். புத்தகத்தை அதற்குரியவரைத் தவிர வீட்டில் யாரும் பிரித்திருக்க மாட்டார்கள். என் அப்பா இருந்தவரை நானும் பிரித்ததில்லை. அவர் போன பிறகு, அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வாங்க ஏழு மாதம் அலைந்தபோதுதான் அதை வரி வரியாகப் படித்தேன்.

அதன் பிறகு, தெருவில் யாருக்கு இந்த மாதிரிச் சிக்கல் வந்தாலும் ஒரு துணிப்பை நிறையக் காகிதத்தோடு எங்கள் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். "தம்பி, மாமாவுக்கு என்னமோ வர வேண்டியது இருக்காம், கொஞ்சம் பாருப்பா." பார்த்துப் பார்த்துப் பிடிபட்டதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முன்னாள் படைவீரருக்கு அரசு வைத்திருக்கும் உதவிகள் குறைவானவை அல்ல. ஆனால் ஒவ்வொன்றும் அந்தப் புத்தகத்தில் இருக்கும் ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறது. எத்தனை ஆண்டு இருந்தார், என்ன காரணத்தால் வெளியே வந்தார் என்று சொல்லும் வரி அது.

சீருடை போட்ட எல்லாரும் சட்டப்படி 'முன்னாள் படைவீரர்' ஆகிவிடுவதில்லை. பணிக்காலம் முடித்து ஓய்வூதியத்தோடு வந்தவர் முன்னாள் படைவீரர். குறித்த காலத்துக்கு ஒப்பந்தமாகி, அது முடிந்து பணிக்கொடையோடு வந்தவரும் அப்படித்தான். உடற்குறையால் ஊன ஓய்வூதியத்தோடு அனுப்பப்பட்டவரும் சேர்த்தி. ஆனால் ஓய்வூதியத் தகுதி வருமுன் 'சொந்த வேண்டுகோளின் பேரில்' விலகியவரை இன்றைய விதி ஏற்பதில்லை. ஒழுங்கு நடவடிக்கையில் வெளியேற்றப்பட்டவருக்கும் இடமில்லை. பன்னிரண்டு ஆண்டு பனியிலும் பாலைவனத்திலும் நின்றுவிட்டு, அம்மா படுத்த படுக்கையானதால் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய புத்தகத்தில் அந்த வரி மூன்றே சொல். அந்த மூன்று சொல்லால் அவருக்கு மருத்துவ அட்டையும் இல்லை, பிள்ளைக்கு ஒதுக்கீடும் இல்லை. வெளியேறிய ஆண்டைப் பொறுத்து இந்த விதி மாறும் என்பதால், பழைய ஆள் யாரும் 'நமக்கு இல்லை' என்று தாமாகவே முடிவுகட்டிக்கொள்ளக் கூடாது.

இந்தக் கேள்வி நம்மூரில் எழுவதற்கு ஒரு பொருத்தம் உண்டு. தேவனாம்பட்டினம் கடற்கரை ஓரம் இடிந்து கிடக்கும் செயின்ட் டேவிட் கோட்டைக்கு 1748-ல் வந்து இறங்கிய ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரிதான், சிதறிக் கிடந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் காவலர்களை ஒழுங்கான படையாகத் திரட்டியவர். 'இந்தியப் படையின் தந்தை' என்று வரலாற்று நூல்கள் அவரைச் சொல்கின்றன. காயம்பட்டும் தளர்ந்தும் போன கம்பெனிப் படையினருக்காக ராபர்ட் கிளைவின் பெயரில் ஒரு நிதி ஏற்பட்டது 1770-ல். படை முதலில் வந்தது, படை முடித்தவனைப் பற்றிய நினைப்பு இருபது ஆண்டு கழித்து வந்தது.

இப்போது வழக்கில் இருக்கும் ஓய்வூதியத்தைப் பார்ப்போம். சிப்பாயிலிருந்து சுபேதார் மேஜர் வரை உள்ளவர்களுக்கு 15 ஆண்டுப் பணி, அதிகாரிகளுக்கு 20 ஆண்டு. கடைசியாக வாங்கிய ஊதியத்தில் பாதி, ஓய்வூதியம். அதில் பாதி வரை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். வீடு கட்டவும் தங்கை கல்யாணத்துக்கும் பெரும்பாலானோர் வாங்கிவிடுகிறார்கள். அந்தப் பிடித்தம் 15 ஆண்டில் நின்று முழு ஓய்வூதியம் திரும்ப வேண்டும். திரும்பியதா என்று கணக்குப் பார்க்க வேண்டியது நாம்தான். 80 வயது நிறைந்தால் 20 சதவீதம் கூடும். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு வயது கண்டவருக்கு நூறு சதவீதம். பிறந்த தேதி பதிவேட்டில் தவறாக இருந்தால், எண்பதைத் தாண்டிய கிழவர் தாள்களின்படி எழுபத்தாறிலேயே நின்றுகொண்டிருப்பார்.

'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' என்ற கோரிக்கை ஏன் அத்தனை ஆண்டு எரிந்தது என்பது வெளியிலிருப்பவர்களுக்கு எளிதில் விளங்குவதில்லை. அரசு அலுவலர் அறுபதை ஒட்டி ஓய்வு பெறுகிறார். சிப்பாய் முப்பத்தைந்து, முப்பத்தேழு வயதில் வெளியே வந்துவிடுகிறார். அவர் வாழ்க்கையின் பெரும்பாதி ஓய்வூதியத்தில்தான் கழிகிறது. 1985-ல் ஓய்வு பெற்று வந்த ஹவில்தாரும் 2005-ல் ஓய்வு பெற்று வந்த ஹவில்தாரும் ஒரே பதவியில், ஒரே அளவு காலம் பணியாற்றியிருந்தும், இடையில் வந்த ஊதியக் குழுக்களால் முந்தியவர் மிகவும் பின்தங்கிவிட்டார். 2015 நவம்பரில் ஆணை வெளியாகி, 2014 ஜூலை 1 முதல் கணக்கிட்டு அந்த இடைவெளி குறைக்கப்பட்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீண்டும் சமன்செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. 2019-க்கு உரிய திருத்தத்துக்கு 2022 டிசம்பரில்தான் ஒப்புதல் கிடைத்தது. அடுத்தது 2024 ஜூலை 1 முதல். இந்தத் திருத்தம் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் விதவைகளுக்கும் உண்டு. அவர்கள் வீட்டில்தான் இதைப் பற்றிப் பேச ஆளில்லை.

இனி என் மனத்தை அதிகம் அரித்த இடத்துக்கு வருகிறேன். கணவர் இறந்த மறுநாளிலிருந்து ஒரு சிப்பாயின் மனைவிக்கு என்ன நடக்கிறது?

சட்டம் அவருக்குக் கைகொடுக்கத்தான் செய்கிறது. ஓய்வு பெற்ற பின் கணவர் இறந்தால், கடைசி ஊதியத்தில் 30 சதவீதம் குடும்ப ஓய்வூதியம். முதல் ஏழாண்டோ, கணவருக்கு 67 வயது ஆகியிருக்க வேண்டிய நாளோ, எது முன்னால் வருகிறதோ அதுவரை உயர்த்தப்பட்ட விகிதம். பணியின் காரணமாக இறந்தால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் 60 சதவீதம். போரிலோ எல்லை மோதலிலோ தீவிரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கையிலோ உயிர் போயிருந்தால் கடைசி ஊதியம் முழுவதும். இவை தாளில் எழுதியிருக்கும் உரிமைகள். அந்தப் பெண் கையில் இருப்பது ஒரு ஏ.டி.எம். கார்டும் கணவரின் போட்டோவும்.

முதல் தடுக்கல் பெயர். நம்மூரில் முன்னெழுத்து போடுகிறோம், வடக்கே குடும்பப் பெயர் கேட்கிறார்கள். பதினெட்டு வயதில் ஆள்சேர்ப்பு முகாமில் ஒரு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்தான் ஐம்பது ஆண்டு ஓடுகிறது. கலியபெருமாள் 'காளி பெருமாள்' ஆகியிருப்பார். அப்பா பெயர் அவருடைய பின்பெயராக ஒட்டிக்கொண்டிருக்கும். மனைவி படைப் பதிவேட்டில் அஞ்சலை, ஆதாரில் அஞ்சலாட்சி, வங்கிப் புத்தகத்தில் அஞ்சலாதேவி. மூவரும் ஒருவர்தான் என்று தெருவுக்கே தெரியும், கணினிக்குத் தெரியாது. என் அம்மா விஷயத்தில் ஒரே ஒரு எழுத்துதான் மாறியிருந்தது. ஒரு வங்கிக் கிளையில் அதற்காக மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை வாசற்படியில் உட்கார்ந்து அம்மா, "அவரே வந்து சொன்னாதான் நம்புவாங்களா?" என்றார்.

இரண்டாவது, பார்ட் டூ ஆர்டர். பணியில் இருப்பவருக்குக் கல்யாணம் ஆனால், குழந்தை பிறந்தால், அதை யூனிட்டில் தெரிவித்து இந்த ஆணையாக வெளியிட வேண்டும். அப்போதுதான் படைவீரரின் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸில் மனைவிக்கும் பிள்ளைக்கும் இடம். லீவில் வந்து கல்யாணம் முடித்து அவசரமாகத் திரும்பியவர்கள் பலர் இதைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். இரண்டாவது மகள் பதிவில் இல்லாத வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மகள் கல்லூரி ஒதுக்கீட்டுக்குப் போகும்போதுதான் உண்மை தெரியும். ஓய்வூதிய ஆணையில், அதாவது பி.பி.ஓ.வில், மனைவி பெயரும் சேர்ந்தே அறிவிக்கப்பட்டிருந்தால் இறப்புச் சான்றைக் கொடுத்ததும் வேலை நகரும். இல்லையென்றால் ரெக்கார்டு ஆபீஸிலிருந்து எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ரெக்கார்டு ஆபீஸ் எங்கே இருக்கிறது? அதுதான் மூன்றாவது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்கள் என்றால் பெங்களூரு. பீரங்கிப்படை நாசிக், சிக்னல்ஸ் ஜபல்பூர், மருத்துவப் பிரிவு லக்னோ, மின், இயந்திரப் பொறியியல் பிரிவான ஈ.எம்.ஈ. செகந்திராபாத். கடற்படை மாலுமிகளுக்கு மும்பை, விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க். கணவர் எந்தப் படைப் பிரிவு என்று கேட்டால், 'காஷ்மீர்ல இருந்தாரு' என்று சொல்லும் அத்தைகள்தான் அதிகம். தவறு அவர்களுடையது அல்ல. யாரும் சொல்லித் தரவில்லை. படை எண், பதவி, ரெஜிமென்ட், பி.பி.ஓ. எண் ஆகிய நான்கையும் ஒரு காகிதத்தில் எழுதி சாமி மாடத்தில் வைத்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

இன்னொன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கணவர் இறந்த பிறகும் அவர் கணக்கில் முழு ஓய்வூதியம் விழுந்துகொண்டே இருக்கும், யாராவது தெரிவிக்கும் வரை. அதை எடுத்துச் செலவு செய்துவிடுவார்கள். கருமாதிச் செலவு, கடன்காரர், பிள்ளையின் பீஸ். பிறகு கணக்குப் பார்க்கும்போது, அதிகமாகப் போன தொகையை விதவையின் குடும்ப ஓய்வூதியத்தில் மாதாமாதம் பிடிப்பார்கள். இதில் திருட்டு எண்ணம் எதுவும் இல்லை, அறியாமைதான். ஆனால் பிடித்தம் பிடித்தம்தான். இறப்பை உடனே தெரிவித்துவிடுவது அந்தப் பெண்ணுக்கே நல்லது. ராணுவக் குழுக் காப்பீட்டில் ஓய்வுக்குப் பிறகும் தொடரும் ஒரு காப்பீடு உண்டு. அந்தப் பணத்துக்கும் மனுப் போட வேண்டும், தானாக வராது. அது இருப்பதே தெரியாமல் விட்ட குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு.

இப்போது பெரும்பாலான ஓய்வூதியம் 'ஸ்பர்ஷ்' என்ற இணைய அமைப்பின் வழியாக, பிரயாக்ராஜிலுள்ள பாதுகாப்புக் கணக்கு அலுவலகத்திலிருந்து நேராக வருகிறது. இடையில் வங்கி தாமதம் இல்லை என்பது நல்லதுதான். ஆண்டுக்கொரு முறை வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும். கைரேகை வைத்துப் பொதுச் சேவை மையத்திலேயே முடித்துவிடலாம், ஆதார் பெயரும் ஸ்பர்ஷ் பெயரும் ஒத்துப்போனால். ஒத்துப்போகாவிட்டால் மீண்டும் அந்தக் கலியபெருமாள் கதைதான். எழுபது வயதுக்காரரின் விரலில் ரேகை தேய்ந்திருப்பது வேறு சங்கடம். வயலில் உழைத்த விரல் என்றால் கேட்கவே வேண்டாம்.

கடலூர் என்றால் புயல். 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல், 2015 வெள்ளம், 2024-ல் பெஞ்சல் புயல். தகரப் பெட்டி எத்தனை முறைதான் தாங்கும்? பெஞ்சலுக்குப் பிறகு ஓர் அம்மா கொண்டுவந்த டிஸ்சார்ஜ் புத்தகம் பக்கங்கள் ஒட்டிப்போய் அப்பளம் மாதிரி இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் படை எண்ணை மட்டும் எழுத்தெழுத்தாக எடுத்தோம். நகல் புத்தகம் வாங்க முடியும். காவல் நிலையத்தில் தொலைந்தது பற்றிய பதிவும் உறுதிமொழிப் பத்திரமும் சேர்த்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுத வேண்டும். இந்த அலுவலகத்தைப் பழைய ஆட்கள் இன்னமும் 'சோல்ஜர் போர்டு' என்றுதான் சொல்கிறார்கள். பெரும்பாலும் அங்கே இருப்பவர்களும் முன்னாள் படைவீரர்களே. நேரில் போனால் உட்கார வைத்துப் பேசுவார்கள் என்பது என் அனுபவம். மாவட்ட ஆட்சியரகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கென்றே குறைதீர் கூட்டமும் அவ்வப்போது நடக்கிறது. தபாலில் ஆறு மாதம் நகராத மனு, அந்த அறையில் ஒரு தொலைபேசி அழைப்பில் நகர்ந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மருத்துவத்துக்கு 2003 ஏப்ரலில் தொடங்கிய ஈ.சி.ஹெச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இருக்கிறது. ஓய்வு பெறும்போது ஒரே ஒரு முறை பணம் கட்ட வேண்டும்: ஹவில்தார் வரை 30,000 ரூபாய், நாயிப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு அதுவும் இல்லை. அந்தத் திட்டத்தின் மருத்துவ மையமான பாலிகிளினிக்கில் காட்டி, அவர்கள் எழுதிக்கொடுக்கும் பரிந்துரையோடு பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்குப் போனால் கையிலிருந்து பணம் கொடுக்க வேண்டியதில்லை. உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் நேரே மருத்துவமனைக்குப் போகலாம். 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போய்விட வேண்டும். பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்த்துவிட்டு இந்தத் தகவலை மறந்தவர்கள்தான் பிறகு பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பெற்றோரையும் சேர்க்கலாம், அவர்கள் மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்குரிய அகவிலைப்படியும் தாண்டாதவரை. மகன் 25 வயது வரை, அல்லது சம்பாதிக்கத் தொடங்கும் வரை. ஆனால் பொதுவாக, ஓய்வூதியம் இல்லாதவருக்கு இந்த அட்டை இல்லை. மறுபடியும் அதே வரி.

ஊன ஓய்வூதியம் தனிக் கதை. உடற்குறை பணியால் வந்தது அல்லது பணியால் கூடியது என்று மருத்துவக் குழு சொல்ல வேண்டும், 20 சதவீதத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். சதவீதத்தை மேல்நோக்கி முழுமையாக்கும் முறை உண்டு: ஐம்பதுக்குக் கீழே இருந்தால் 50, அதற்கு மேல் 75, அதையும் தாண்டினால் 100. நோய் பணியால் வரவில்லை என்று மறுத்து அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு அடிப்படையைச் சொன்னது. படையில் சேரும்போது எழுதிய மருத்துவப் பதிவில் இல்லாத நோய் பின்னால் வந்தால், அது பணியால் வந்ததாகவே முதலில் கொள்ள வேண்டும், இல்லை என்று நிறுவும் பொறுப்பு நிர்வாகத்துடையது. 2023 செப்டம்பரில் இந்த விதிகள் திருத்தப்பட்டன. அதற்குமுன் வெளிவந்தவர்கள் தங்கள் காலத்து விதியைப் பார்க்க வேண்டும். மறுக்கப்பட்ட தாளோடு ஒதுங்கிவிடாமல், சென்னையில் இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அதுதான் இடம்.

ஓய்வூதியமே இல்லாத முதியவர்கள் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஏழெட்டு ஆண்டு பணியாற்றி, கொஞ்சம் பணிக்கொடையோடு வந்து, 1965-லும் 1971-லும் போர் பார்த்தவர்கள். 65 வயது தாண்டிய, ஹவில்தார் வரையிலான இத்தகையவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் பாதுகாப்பு அமைச்சரின் நல நிதியிலிருந்து மாதந்தோறும் வறுமை உதவி உண்டு. 4,000 ரூபாயாக இருந்தது 2025 நவம்பர் முதல் 8,000 ஆக்கப்பட்டது. பிள்ளைகளின் படிப்புதவி மாதம் 1,000-லிருந்து 2,000, மகள் திருமண உதவி 50,000-லிருந்து ஒரு லட்சம். ஆண்டுதோறும் டிசம்பர் 7 கொடிநாளன்று பள்ளியில் உண்டியல் குலுக்குகிறார்களே, 1949-லிருந்து நடக்கும் வழக்கம், அந்தப் பணம் போய்ச்சேரும் இடங்களில் இதுவும் ஒன்று. சிறு வயதில் நான் போட்ட நாணயம் எங்கே போனது என்று தெரிந்துகொள்ள முப்பது ஆண்டு ஆயிற்று.

வேலை, படிப்பு பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிரதமரின் கல்வி உதவித்தொகை, தொழிற்கல்வி படிக்கும் 5,500 பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும்: பெண்களுக்கு மாதம் 3,000, ஆண்களுக்கு 2,500. மத்திய அரசின் குரூப் சி பணிகளில் முன்னாள் படைவீரருக்கு 10 சதவீதம். வங்கிகளிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் 14.5 சதவீதம். வயதுக் கணக்கில் பணிக்காலத்தையும் அதற்குமேல் மூன்றாண்டையும் கழிக்கலாம். பத்தாம் வகுப்போடு சேர்ந்து 15 ஆண்டு முடித்தவரை, தொழில்நுட்பப் படிப்பு கேட்காத குரூப் சி பணிகளுக்குப் பட்டதாரிக்குச் சமமாகக் கொள்கிறார்கள். இது தெரியாமலே, 'டிகிரி இல்லை' என்று விண்ணப்பம் போடாமல் விட்டவர்கள் ஏராளம். தமிழ்நாட்டில் 1986 முதல் இயங்கும் முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ, காவல் பணிகளுக்கு ஆள் அனுப்புகிறது. மின்வாரிய அலுவலக வாசலிலும் மருத்துவமனை வாசலிலும் நிற்கும் பெரியவர்களில் பலர் அப்படி வந்தவர்கள். சொந்தத் தொழில் தொடங்குவோருக்கு 2024 சுதந்திர தினத்தில் அறிவிக்கப்பட்ட 'முதல்வரின் காக்கும் கரங்கள்': ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம். ஒருவர் தம் ஊரிலேயே, தம் கையால் ஒன்றைத் தொடங்கும் வழி இது என்பதால் காவல் வேலையைவிட இதை நான் மேலாக நினைக்கிறேன்.

மாநில அரசு தருவது என்றதும் எங்கள் பக்கத்துச் சிக்கல் ஒன்று எழும். ஆல்பேட்டையைத் தாண்டினால் முள்ளோடை, அங்கிருந்து புதுச்சேரி. பாகூர்க் கொம்யூனும் கடலூர் மாவட்டமும் ஒன்றுக்குள் ஒன்று விரல் கோத்த மாதிரி கிடக்கின்றன. நிலம் அங்கே, வீடு இங்கே, ரேஷன் அட்டை மாமியார் ஊரில். மத்திய அரசின் உதவி எங்கிருந்தாலும் ஒன்றுதான். மாநில உதவியும் கல்லூரி இட ஒதுக்கீடும் இருப்பிடத்தைப் பொறுத்தவை. புதுச்சேரிக்குத் தனி நலத்துறை இருக்கிறது. எந்த அலுவலகத்தில் பதிந்து அடையாள அட்டை வாங்கினார் என்பதே பிள்ளை எந்தப் பட்டியலில் போட்டியிடும் என்பதைத் தீர்மானித்துவிடும். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு மாற்ற முயன்றால் காலம் போதாது.

புதுச்சேரியில் இன்னொரு வகை முன்னாள் படைவீரரும் உண்டு. ஊரில் அவர்களைச் 'சொல்தா' என்பார்கள். பிரெஞ்சுப் படையில் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் இருந்துவிட்டு வந்தவர்கள், அவர்களுடைய மனைவிமார், அதற்குப் பிறகு சேர்ந்த அடுத்த தலைமுறை. 1956 மே 28-ல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த, புதுச்சேரியை இந்தியாவுக்குக் கைமாற்றிய ஒப்பந்தம், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் கொடுத்தது. சில ஆயிரம் பேர் தேர்ந்தார்கள், அவர்களில் படைக் குடும்பங்கள் நிறைய. கடற்கரைச் சாலையில் 1938-ல் எழுப்பிய போர் நினைவுச் சின்னத்தின் முன் ஜூலை 14 அன்று மார்பில் பதக்கம் தொங்க நிற்கும் முதியவர்களைப் பார்த்திருப்பீர்கள்.

அங்கே கதவைத் திறந்த வரி குடியுரிமை. 1959-ல் பிரான்ஸ் இயற்றிய ஒரு சட்டம், விடுதலை பெற்ற காலனிகளின் குடிமக்களாகிவிட்ட பழைய வீரர்களின் ஓய்வூதியத்தை அன்றைய அளவிலேயே உறைய வைத்தது. ஒரே அகழியில் நின்ற இருவரில், பிரெஞ்சுக் குடிமகனுக்கு ஆண்டுதோறும் உயர்வு, மற்றவருக்கு உறைந்த தொகை. ஐம்பது ஆண்டு கழித்து, 2010 மே 28-ல் பிரான்சின் அரசியலமைப்பு மன்றம் இது சமத்துவத்துக்கு எதிரானது என்றது. 2011 ஜனவரி முதல் சமமாக்கப்பட்டது. அதற்குள் எத்தனை பேர் கண்மூடியிருப்பார்கள் என்று நினைக்கும்போது தொண்டை அடைக்கிறது.

விதவைக்கு அங்கே கணவரின் ஓய்வூதியத்தில் பாதி. போரில் நின்றவருக்குத் தனி அட்டையும், 65 வயதிலிருந்து ஆண்டுக்கு இருமுறை நன்றியின் அடையாளமாக ஒரு சிறு தொகையும் உண்டு. தொகை யூரோவில் வருவதால் சொல்தா வீட்டுக்குக் கவலையே இல்லை என்று ஊரில் பேச்சு. ஆனால் அந்த வீட்டுப் பெண்ணும் காகிதத்துக்கு அலைந்தவர்தான். கோயிலில் தாலி கட்டி நடந்த கல்யாணம் பிரெஞ்சுத் தூதரகப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் ஐம்பதாண்டு சேர்ந்து வாழ்ந்ததற்கும் சான்று இல்லை. ஆண்டுதோறும் உயிரோடிருப்பதாகச் சான்று அனுப்ப வேண்டும். முள்ளோடைக்கு இந்தப் பக்கம் பார்ட் டூ ஆர்டர், அந்தப் பக்கம் தூதரகப் பதிவேடு. இரண்டு நாட்டு அரசுகளும் அந்தப் பெண்ணிடம் கேட்பது ஒரே கேள்விதான்.

இனி வரப்போகிறவர்களை எண்ணித்தான் எனக்குக் கவலை. 2022 ஜூனில் அறிவித்த அக்னிபாத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு நான்கு ஆண்டுப் பணி. நான்கில் ஒரு பங்கு வரை நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வெளியே வருவார்கள். அதில் ஒரு பாதி அவர்கள் சம்பளத்திலிருந்தே பிடித்தது. ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, ஈ.சி.ஹெச்.எஸ். இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. பணியில் இறந்தால் 48 லட்சம் காப்பீடும், பணியின் காரணமாக என்றால் 44 லட்சம் கருணைத் தொகையும் உண்டு, மாதந்தோறும் பெற்றோருக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் இல்லை. மத்தியக் காவல் படைகளில் அவர்களுக்கென இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். திறன் சான்றிதழும் கொடுப்பார்கள்.

முதல் தொகுதியின் நான்காண்டு 2026 இறுதியிலிருந்து முடியத் தொடங்குகிறது. வெள்ளிக் கடற்கரை மணலில் விடியற்காலை ஓடிப் பயிற்சி எடுத்த பையன்கள் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் திரும்பி வருவார்கள். எங்கள் தெருவில் ஒருவன் இருக்கிறான். போன விடுமுறையில் வந்தபோது, "அண்ணே, என் டிஸ்சார்ஜ் தாளுல என்ன எழுதுவாங்க?" என்று கேட்டான். 'பணிக்காலம் முடிந்தது' என்று எழுதுவார்கள் என்றேன். "அது போதுமாண்ணே?" என்றான். இப்போதிருக்கும் விதிப்படி போதாது என்று அவனிடம் சொன்னேன்.